தையலைக் கவனியுங்கள்!

தமிழ் சினிமாவில் பிரசவம் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரியும். கணவர் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். மாமியார் கையில் விபூதிப் பொட்டலம் இருக்கும். டாக்டர் வெளியே வந்து, 'தாய், சேய் ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்' என்று குண்டைப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் 'குவா... குவா'. அடுத்த ஷாட்டில் அந்தப் பெண் தலை நிறைய மல்லிகைப் பூவுடன், கலையாத பொட்டுடன், கட்டிலில் சாய்ந்து சிரிப்பார். அதற்கடுத்த ஷாட்டில் குழந்தை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகும்.

'நண்பன்' (2012) படத்தில் கொட்டும் மழையில் வாக்குவம் க்ளீனரை வைத்தே பிரசவம் பார்த்துவிட்டார் விஜய். குழந்தை அசைந்ததும் தியேட்டரே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். ஆனால், பெற்றெடுத்தவர் அதற்குப் பிறகு எப்படி எழுந்தார், எப்படி நடந்தார் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? கர்ப்பத்தை இருநூறு எபிசோடுக்கு இழுக்கிற மெகா சீரியல்கூட, பிரசவத்துக்கு அப்புறம் வரும் ஆறு வாரத்துக்கு ஒரு எபிசோடு ஒதுக்குவதில்லை. மூன்றாவது நாளே அந்தப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஹாலில் நின்று நாத்தனாரோடு சண்டை போடுகிறார்.

சினிமாதானே, விடுங்கள் என்கிறீர்களா? சினிமா மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆஸ்பத்திரி, வீடு, அரசாங்கம் எல்லோருமே இதே திரைக்கதையைத்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் 'சுபம்' போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பி.காம். படித்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 64, அரசு ஆஸ்பத்திரியில் 36. இந்தியா முழுக்க எடுத்தால் நூற்றுக்கு 21-22தான். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) நாம் 34-ல் இருந்தோம். ஐந்தாறு வருஷத்தில் 34, 45 ஆகிவிட்டது.

இவ்வளவு சிசேரியன் தேவையா என்ற பட்டிமன்றம் ரொம்ப காலமாக நடக்கிறது. 10 முதல் 15 சதவிகிதத்துக்கு மேல் போகக் காரணமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985லேயே சொன்னது. டாக்டர்களைக் கேட்டால் வயதான கர்ப்பம், சர்க்கரை, பிரஷர், முதல் பிரசவமே சிசேரியன் என்று பத்து காரணம் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. அந்தப் பட்டிமன்றம் நடக்கட்டும். என் கேள்வி வேறு. ஏறக்குறைய பாதிப் பெண்களின் வயிற்றில் கத்தி வைக்கிற ஒரு ஊர், கத்தி வைத்த பிறகு அந்தப் பெண்களை என்ன செய்கிறது?

முதலில் வார்த்தையைப் பாருங்கள். கத்தி படாமல் பிறந்தால் 'சுகப்பிரசவம்'. பல மணி நேரம் இடுப்பு எலும்பு உடைகிற மாதிரி வலிப்பதற்குப் பெயர் சுகம்! இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஆம்பளையாகத்தான் இருப்பார். போகட்டும். அது சுகம் என்றால் சிசேரியன் என்ன? 'சுகமில்லாத' பிரசவமா? அதையும் நம் ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. பார்க்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

'என்னம்மா, நார்மலா, சிசேரியனா?'

'சிசேரியன் அத்தை.'

'அப்ப வலியே தெரிஞ்சிருக்காது. நாங்கல்லாம் அப்படியா பெத்தோம்?'

வலி தெரியாது என்பது ஆபரேஷன் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சரி. முதுகில் போட்ட ஊசியின் வீரியம் இறங்கியதும் தெரியும் சேதி. சிசேரியனில் தோல், கொழுப்பு, அதற்கடியில் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, வயிற்றின் உள்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகிறார்கள். நடுவில் இருக்கும் தசையை விலக்கி வழி செய்கிறார்கள். பிறகு உள்ளிருந்து வெளியே தைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் கண்ணில் படுகிற தையல் ஒன்றுதான். அதற்குக் கீழே இருக்கும் தையல்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதே வீட்டில் மாமாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்திருக்கட்டும். என்ன ஆகும்? ஒரு மாதம் குடத்தைத் தொடக்கூடாது. பைக் கூடாது. டி.வி. ரிமோட்டைக்கூட யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு, சாத்துக்குடியோடு வந்து குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதைவிடப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு, அன்று ராத்திரியிலிருந்தே நைட் டியூட்டி ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இன்னொரு உயிருக்குச் சாப்பாடு போட வேண்டும். உலகத்தில் வேறெந்த மேஜர் ஆபரேஷன் பேஷன்ட்டையும் இப்படி வேலை வாங்குவதில்லை.

இந்த அலட்சியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் சிசேரியன் என்று பெயர் வந்தது என்பார்கள். கட்டுக்கதை. மகன் வளர்ந்து ஆளாகி அரசியலில் இறங்கிய பிறகும் சீசரின் அம்மா ஆரேலியா உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பது நடக்காத காரியம். 19-ம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குழந்தையை வெளியே எடுத்ததும் கர்ப்பப்பையைத் தைக்காமலே வயிற்றை மூடிவிடுவார்கள். அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பிக்கை. அந்தப் பெண்கள் ரத்தம் போயும் கிருமி தொற்றியும் செத்துப் போனார்கள். 1882ல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மன் டாக்டர், கர்ப்பப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் ஒழுங்காகத் தைக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் தாய்மார்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. குழந்தையை எடுக்கும் வித்தை ரொம்ப காலமாகவே மனிதனுக்குத் தெரியும். குழந்தையை எடுத்த பிறகு அம்மாவை என்ன செய்வது என்று ஒருவர் யோசித்த பிறகுதான் சிசேரியன் ஒரு வைத்தியமாக மாறியது. சேங்கர் உள்ளே தைத்தார். வெளியே நாம் இன்னும் தைக்கவில்லை.

அடுத்து, பில். தெரிந்தவர் ஒருவர் தனியார் ஆஸ்பத்திரி பில் ஒன்றைக் காட்டினார். அட, என்ன ஒரு நேர்த்தி! தியேட்டர் சார்ஜ், சர்ஜன் ஃபீஸ், அசிஸ்டென்ட் ஃபீஸ், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், நர்சிங், ரூம் வாடகை... க்ளவுஸைக்கூட ஜோடி ஜோடியாக எண்ணியிருந்தார்கள். எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாத கணக்கு.

அதே கையோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் பார்த்தேன். புத்தக விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த இலக்கிய வகையை இதுவரை கண்டுகொள்ளாதது பெரிய குறை. முதல் பக்கம் முழுக்கக் குழந்தை. எடை, பிறந்த நேரம், அழுததா, தடுப்பூசி போட்டாயிற்றா. இரண்டாம் பக்கத்தில் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று டாக்டர்களுக்கு மட்டும் புரிகிற இங்கிலீஷில் ஒரு பாரா. கடைசியில் மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாள். அதற்குக் கீழே, 'ஒரு வாரம் கழித்து வரவும்'. அவ்வளவுதான். கதாநாயகியைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி! இதே லட்சணத்தில் ஒரு நாவல் வந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்.

பைக் வாங்கினால் ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் தருகிறார்கள். ஃப்ரிட்ஜுக்குக் கையேடு தருகிறார்கள், எப்படித் துடைக்க வேண்டும் என்று படம் போட்டு. வயிற்றைத் திறந்து மூடிய மனுஷிக்கு ஒரு பக்கக் கையேடு கிடையாது.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரம் இருக்கும் டாக்டர் சொல்கிறார். நேரம் இல்லாதவர் பெல் அடித்து அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடுகிறார்.

ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குள் பிடித்துக்கொண்டாவது எழுந்து நடக்க வேண்டும். சிசேரியனுக்குப் பிறகு கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். நடைதான் அதற்கு முதல் மருந்து. மல்லாந்த நிலையிலிருந்து விருட்டென்று எழக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் தையலில் இழுப்பு குறையும். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிட கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை மூன்றும் இதில் சேர்த்தி. டாக்டர் எழுதிய வலி மாத்திரையை, பாலில் கலந்துவிடும் என்று பயந்து பாதிப் பேர் போடுவதில்லை. பாராசிட்டமால் மாதிரி வழக்கமாகத் தரும் மாத்திரைகள் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஆகாதவை இல்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு படுத்தே கிடப்பதுதான் கெடுதல்.

தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்துப்போன மாதிரி இருக்கும், சில சமயம் அரிக்கும். தோலில் ஓடும் மெல்லிய நரம்புகள் அறுபட்டதால் வருவது அது. இது தெரியாமல் ராத்திரி முழுக்கப் பயந்து கிடக்கும் பெண்கள் எத்தனை பேர்!

எப்போது ஓட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், பிளவு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்து போகிற அளவுக்கு ரத்தப்போக்கு. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி. மூச்சுத் திணறல். பார்வை மங்கலோடு தாங்க முடியாத தலைவலி. இதில் எது வந்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து வரச் சொன்ன அந்த ஒற்றை வரியை நம்பிக் காத்திருந்தால் உயிர் போகலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். தமிழில் ஓர் அருமையான வார்த்தை இருக்கிறது. பச்சை உடம்பு. 'பச்சை உடம்புக்காரி, தண்ணியில நிக்காதே' என்று பாட்டி அதட்டும்போது, அதில் ஒரு வைத்தியமே ஒளிந்திருக்கிறது. காயம் இன்னும் ஆறவில்லை, இவளை வேலை வாங்காதீர்கள் என்று பொருள். தாய் வீட்டுக்கு அனுப்புவது, வேளாவேளைக்குச் சமைத்துப் போடுவது, குழந்தையைக் குளிப்பாட்ட வேறு ஆள் வருவது எல்லாமே அசல் ஓய்வு ஏற்பாடுகள். டிஸ்சார்ஜ் சம்மரியைவிடப் பாட்டிதான் அந்தப் பெண்ணை உருப்படியாகக் கவனித்தார்.

ஆனால், பாட்டிக்கும் மார்க் முழுசாகப் போட முடியாது. 'தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்' என்று தாகத்தில் வாட விடுவது தப்பு. பால் ஊறவும் மலச்சிக்கல் வராமலிருக்கவும் தண்ணீர்தான் வேண்டும். முக்கினால் வலிப்பது அதே தையல்தான். பழம் கூடாது, கீரை கூடாது, பருப்பு கூடாது என்று வெறும் பூண்டு ரசத்தில் ஓட்டினால் புண் ஆறப் புரதத்துக்கு எங்கே போவது? துணியை இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகும் என்பதும் ஆசைதான். ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட் போட்டால் சிலருக்கு நடக்கும்போது வலி குறைகிறது. அந்த அளவுக்குச் சரி. கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதை எந்தத் துணியும் அவசரப்படுத்த முடியாது. ஆயுசுக்கும் வருகிற முதுகுவலிக்கெல்லாம் அன்று போட்ட ஊசியைக் குற்றம் சொல்வதும் அப்படித்தான். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்காகத் தொடரும் வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தேறவில்லை. குனிந்து குனிந்து பிள்ளையைத் தூக்குவதும், பலவீனமான வயிற்றுத் தசையும்தான் விசாரிக்க வேண்டிய ஆசாமிகள்.

மூன்றாவது பார்ட்டி அரசாங்கம். குறை சொல்லும் முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2011ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் இலவசம். சாதாரண பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் வரை இலவச சாப்பாடு. ஆறுவதற்கு அதிக நாள் ஆகும் என்று யாரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு வணக்கம். தமிழ்நாட்டில் 2015ல் கொடுக்க ஆரம்பித்த குழந்தைகள் பெட்டகத்தில் பதினாறு பொருள் இருந்தது. பவுடர், சோப்பு, கொசுவலை, கிலுகிலுப்பைக்கு நடுவே அம்மாவுக்கென்று சௌபாக்ய சுண்டி லேகியம் வைத்தார்கள். பாட்டிக்கு அரசாணையில் கிடைத்த மரியாதை!

ஆனால், வீட்டுக்கே தேடி வந்து பார்க்கும் மத்திய அரசின் திட்டத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? வீடு சார்ந்த 'பச்சிளம் குழந்தை' பராமரிப்பு. 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வர வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. வருகிற சுகாதாரப் பணியாளர் அம்மாவையும் விசாரிக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. என்றாலும் பெயர்ப்பலகையில் அம்மா இல்லை. பெயரில் இல்லாதவருக்குக் கவனத்தில் எவ்வளவு இடம் கிடைக்கும்? தாய், சேய் இருவரையும் பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆறு வாரத்துக்குள் குறைந்தது மூன்று தடவையாவது பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். தையல் பிரிக்கப் போனதோடு கணக்கு முடிந்தது என்பதுதான் இங்கே பல வீடுகளில் நிலவரம்.

மனசையும் யாராவது பார்க்க வேண்டும். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017ல் ஒரு கட்டுரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு 100 பெண்களில் 22 பேர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்றது. 'குழந்தையைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்' என்று நாம் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். ஆபரேஷன் வலி, தூக்கமின்மை, 'நீ சரியாப் பெக்கலை' என்ற பேச்சு எல்லாம் ஒன்றாக அழுத்தும்போது அழுகை வந்தால் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்கிறோம்.

லீவு? சட்டப்படி 26 வாரம், 2017லிருந்து. தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021லிருந்து 12 மாதம். நல்ல விஷயம். ஆனால், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும், கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறவருக்கும் யார் லீவு தருவார்கள்? 'ஆறு வாரம் கனம் தூக்காதே' என்ற அறிவுரை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தாலும், கடைப்பிடிக்க வழி இல்லை. அடுத்தது, அப்பா. மத்திய அரசு வேலை என்றால் அவருக்கு 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. அவரும் சினிமா கணவர் மாதிரி வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, மறுநாள் ஆபீஸ் போய் ஸ்வீட் பாக்ஸ் நீட்ட வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அந்த ஒரு பிரசவத்தோடு முடிகிற விஷயம் இல்லை. பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருஷம்கூட இடைவெளி இல்லை என்றால், கர்ப்பப்பையின் பழைய தழும்பு விட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த தடவை நஞ்சுக்கொடி தழும்பில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் ஏறுகிறது. அந்தப் பெண்ணும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. அதைச் சொல்லி அனுப்பவும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இடம் இல்லை. க்ளவுஸ் எண்ணிக்கைக்கு மட்டும் பில்லில் இடம் இருக்கிறது.

கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஆஸ்பத்திரி முதலாளிகளே, தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். பிரின்டிங் செலவைப் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டோம். இயக்குநர்களே, 'குவா குவா'வுக்குப் பிறகு ஒரு ஷாட் வையுங்கள். ஒரு பெண் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் ஷாட். எந்த ஸ்டண்ட் காட்சிக்கும் குறையாத வீரம் அதில் இருக்கிறது. பார்க்கப் போகிற அத்தைகளே, மாமாக்களே, 'நார்மலா, சிசேரியனா' என்று கேட்பதற்கு முன்னால், 'நீ சாப்பிட்டியாம்மா, தூங்கினியா?' என்று கேளுங்கள்.

பழைய தமிழில் 'தையல்' என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் தையல் பிரித்ததும், 'ஆறிடுச்சு, நீங்க போகலாம்' என்கிறார்கள். எந்தத் தையல் ஆறியது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.